டிஎஸ்எல் (போன் கம்பி வழி இன்டர்நெட்) ரவுட்டர்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வர்த் அக்கா: மின்வெட்டு முடிந்ததும் நெட் வரவில்லை. ரீசெட் துளையில் ஊசியால் குத்தினேன். இப்போது எதுவுமே இல்லை, தம்பி.

அக்கா, குத்தியதில் உள்ளே எழுதி வைத்திருந்ததெல்லாம் அழிந்துவிட்டது. திரும்பப் போட்டுவிடலாம். கம்ப்யூட்டரைக் கேபிளால் ரவுட்டரில் செருகி, பிரவுசரில் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1. அங்கே வெளி இணைப்புக்கான வான் (WAN) பக்கத்தில், யூசர்நேம் கேட்டு இணைக்கும் முறைக்கு பிபிபிஓஇ (PPPoE), லைன் எண்களுக்கு விபிஐ (VPI) 8, விசிஐ (VCI) 35, பொதியும் முறைக்கு எல்எல்சி (LLC) என்று போடுங்கள். தொலைபேசி நிறுவனமான டெல்காமின் ஏடிஎஸ்எல் லைனுக்கு இவைதான். நெட் கம்பெனி கொடுத்த யூசர்நேமை @ குறிக்குப் பின்னால் வருவதோடு முழுசாகப் போடுங்கள். எம்டியூ (MTU), அதாவது ஒரு தடவையில் அனுப்பும் பொதியின் உச்ச அளவு, 1492. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்ளும். அதைக் கழிக்காமல் விட்டால் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும்.

யூசர்நேம், பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைக்காமல் யாரும் ரீசெட்டைத் தொடாதீர்கள்.

பீனிக்ஸ் தம்பி: டிஎஸ்எல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. பாஸ்வேர்டை மூன்று முறை மாற்றிப் போட்டேன் அண்ணா.

பாஸ்வேர்டை விடு. அந்த விளக்கு நிலையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் சிவந்தால்தான் பாஸ்வேர்டு பார்க்கணும். மினுக்கினால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சோடு லைனே பிடிக்கவில்லை. போனை எடுத்துக் கேள். டோன் இல்லையென்றால் தெருவில் கம்பி போயிருக்கும், புகார் கொடு. கரகரத்தால் ஒவ்வொரு போனிலும், பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் பில்டர் இருக்கிறதா பார்.

வெருலம் அண்ணன்: டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 ஆக்கினால் வேகம் கூடும்.

வேகம் கூடிவிடாது அண்ணே. டிஎன்எஸ் பெயருக்கு முகவரி தேடித் தருவது. பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் கொஞ்சம் குறையலாம், டவுன்லோட் வேகம் லைன் பிடித்த அளவுதான்.

வெருலம் அண்ணன்: எனக்குக் கூடியதே! கண்ணால் பார்த்தேன்.

மாற்றியதும் ரவுட்டரை அணைத்துப் போட்டீர்கள்தானே? லைன் புதிதாகப் பிடித்திருக்கிறது, அதுதான் காரணம். அடுத்த முறை டிஎன்எஸ்ஸைத் தொடாமல் அணைத்துப் போட்டுப் பாருங்கள். என் வீட்டில் ஒரு மழைக்குப் பிறகு நாய்ஸ் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி லைனுக்கு மிச்சமிருக்கும் பலம்) 11 டெசிபலிலிருந்து 5-க்கு விழுந்தது. 6-க்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும். போன் கம்பி வரும் சுவர்ப் பெட்டியைத் திறந்தால் திருகாணியில் பச்சைக் களிம்பு. கடல் காற்று செய்த வேலை. சுரண்டி, துடைத்து, இறுக்கினேன். 10-க்கு ஏறியது. எந்த டிஎன்எஸ்ஸும் அந்தக் களிம்பைச் சுரண்டாது.

டோங்காட் தம்பி: ரீசெட் பண்ணினேன், நெட் இல்லை.

மேலே அக்காவுக்குச் சொன்னதைப் படி.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியா தங்கை: இடிக்கு ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

போதாதும்மா. போன் கம்பியையும் கழற்று. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் கோடைக்கால மாலை இடி அந்தக் கம்பி வழியாகவும் வரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்: பைபருக்கு எந்த ரவுட்டர் நல்லது?

அது என் துறை இல்லை. பைபர் போடுகிறவரிடமே கேளுங்கள்.

சாட்ஸ்வர்த் அக்கா: விளக்கு எரிகிறது தம்பி! இன்டர்நெட் மட்டும் சிவப்பு.

நல்லது அக்கா, லைன் பிடித்துவிட்டது. இனி யூசர்நேமைத்தான் பார்க்கணும். @ குறிக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறீர்கள்?