சீன மையில் வரையும் இலை கறையாகிவிடுகிறதா?

வாசகர் கேள்வி: சீனத் தாள், தூரிகை, பாட்டில் மை வாங்கி, வீடியோ பார்த்துத் தாமரை இலை வரைந்து பழகுகிறேன். தூரிகையை வைத்ததும் மை பரவி இலை வெறும் கறையாகிவிடுகிறது. மை ஊறாத தாளுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். படிகாரமும் பசையும் பூசிய ஷுவான் தாளில் (சீன ஓவியத் தாள்) மை ஊறாது, உண்மைதான். ஆனால் அது மெல்லிய கோடு போட்டு, வண்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றும் நுணுக்க ஓவியத்துக்கானது. நீங்கள் பழகுவது சீன ஓவியர் ச்சி பைஷி (1864–1957) வழி. சிவப்புப் பூ, கறுப்பு மையில் இலை என்று அவர் வரைந்ததெல்லாம் மை ஊறும் என்பதை நம்பித்தான்.

தப்பு பெரும்பாலும் தூரிகையின் அடிப்பகுதியில் இருக்கும். நுனி சரியாகத் தெரியும். முடிக்கற்றை கைப்பிடியோடு சேருமிடத்தில் தண்ணீர் ஒளிந்திருந்து, அழுத்தியதும் இறங்கிவிடும். தூரிகையை நனைத்துக் கிண்ணத்து விளிம்பில் வழியுங்கள். வெளிர் மையை ஏற்றி, நுனியில் மட்டும் கெட்டி மையைத் தொடுங்கள். கடைசியாக அந்த அடிப்பகுதியை டிஷ்யூவில் ஒற்றுங்கள். அப்புறம் தூரிகையைப் படுக்கவைத்து ஒரே இழுப்பு. கை நின்ற இடத்தில் மை தேங்கும். போட்டதன் மேலேயே திரும்பப் போய்த் திருத்தாதீர்கள். தாளுக்கு அடியில் கம்பளித் துணி விரித்திருக்கிறீர்கள்தானே?

இலை நரம்புதான் உண்மையான சோதனை. ஈரம் மினுங்கும்போது போட்டால் கரைந்து காணாமல் போகும். நன்றாகக் காய்ந்தபின் போட்டால் ஒட்டவைத்ததுபோல நிற்கும். மினுக்கம் அடங்கி, தாள் தொட்டால் சில்லென்று இருக்கும் நேரத்தில் கெட்டி மையில் போடுங்கள். ஓரம் லேசாகக் கசியும், அந்த அளவு போதும். காய்ந்ததும் எல்லாமே ஒரு படி வெளுக்கும் என்பதால், கொஞ்சம் கறுப்பாகவே தொடங்கலாம்.

தண்டுக்குத் தூரிகை செங்குத்தாக, மெதுவாக நகரவேண்டும். இதற்குச் சீன ஓவியர் வூ சாங்ஷுவோ (1844–1927) வரைந்த கொடிகளைப் பாருங்கள். முத்திரை செதுக்கியும் பழங்காலக் கல்லெழுத்தை எழுதியும் பழகிய கை அது. கொடியையும் எழுத்து மாதிரியே இழுத்திருப்பார்.

அரக்கு கலந்த இந்தியன் இங்க் மட்டும் வேண்டாம். காய்ந்தால் தூரிகை முடி இறுகிப் பாழாகிவிடும். வரைந்த தாள் சுருங்கினால் பயப்பட வேண்டாம்; அதன் பின்பக்கத்தில் கோதுமைப் பசையால் இன்னொரு தாள் ஒட்டினால் நிமிர்ந்துவிடும். மலிவான பள்ளி மையாக இருந்தால் அந்த ஈரத்தில் கரையக்கூடும், முதலில் ஒரு துண்டுத் தாளில் ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.