மணியை அடித்தவர் யார்?

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மல்யுத்தம் பார்ப்பவர் என்று உங்கள் கட்டுரை ஒன்றில் படித்த துணிச்சலில் எழுதுகிறேன். நானும் உங்களைப் போல மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன்தான். இப்போது ஷா ஆலாமில் வேலை செய்கிறேன். 2025 டிசம்பர் 13, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க மல்யுத்த நிறுவனத்தின் நட்சத்திரம் ஜான் சீனாவின் கடைசி ஆட்டத்தைப் பார்த்தேன். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று சட்டையில் எழுதிக்கொண்டு வாழ்ந்த மனிதரை, குந்தர் என்ற வீரரின் கழுத்துப் பிடியில் கையைத் தட்டி, தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். இதை முடிவு செய்த, அங்கே கதைகளுக்குப் பொறுப்பான ட்ரிபிள் எச், மாமனார் வீட்டுச் சொத்தில் உட்கார்ந்துகொண்டு ரசிகர்களை அவமதிக்கிறார். இவருக்கு, முன்பு நிறுவனத்தை நடத்திய அந்த மாமனார் வின்ஸ் மெக்மானே தேவலாம் என்று தோன்றுகிறது. அதே ஆண்டில் சீனாவைக் கதையில் கெட்டவராக மாற்றிப் பாதியில் கைவிட்டவரும் இவர்தான். என் அப்பாவோ, “முடிவை எழுதி வைத்து ஆடுகிற ஆட்டத்துக்கு அழுகிறாயே” என்று சிரிக்கிறார். எழுதி வைத்தது என்று தெரிந்தும் ஏன் இப்படி வலிக்கிறது? இனி இதைப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

கடிதங்களுக்கு நான் மெதுவாகவே பதில் எழுதுவேன். உங்களுடையதற்கு வந்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நானும் என் அம்மாவும் இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு முடியாமல் இருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். வின்ஸ் மெக்மானே தேவலாம் என்று ஒரு பெண்ணுக்கு எழுதுகிறீர்களே, எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அவர் 2024 ஜனவரியில் பதவி விலகியது ஓர் ஆட்டம் கெட்டுப்போனதால் அல்ல. முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கில் எழுந்த மிகக் கடுமையான பாலியல் குற்றச்சாட்டுகளால். அவற்றை அவர் மறுக்கிறார், வழக்கு வழக்காக நடக்கட்டும். ஆனால் ஒரு விளையாட்டு வீரரின் தோல்விக்காக அந்த மனிதரைத் திரும்ப அழைக்கும் மனநிலை எனக்குப் பிடிக்கவில்லை. மாமனார் வீட்டுச் சொத்து என்பதும் பழைய கதை. 2023 செப்டம்பரில் அந்த நிறுவனம், கலப்புச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யூ.எஃப்.சி.யோடு இணைந்து டி.கே.ஓ. என்ற பெரிய நிறுவனத்தின் பகுதியாகிவிட்டது. ட்ரிபிள் எச் இன்று அங்கே சம்பளம் வாங்கும் ஓர் அதிகாரி. அவரது முடிவுகளைத் திட்டுங்கள். திருமணத்தை ஏன் இழுக்கிறீர்கள்?

சீனாவைக் கெட்டவராக்கிய கதையில் நீங்கள் சொல்வது சரி. 2025 மார்ச் 1ஆம் தேதி டொரோண்டோவில், சினிமா நடிகராகவும் ஆகிவிட்ட பழைய மல்யுத்த வீரர் தி ராக்கை அருகில் வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய முடிச்சைப் போட்டார்கள். ஆண்டின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெசல்மேனியாவில் ராக் வரவே இல்லை. ஆகஸ்டில் நடக்கும் சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சிக்குள் சீனா பழைய சீனாவாகிவிட்டார். அது பொறுப்பில்லாத வேலை.

இனி உங்கள் அப்பாவின் சிரிப்புக்கு வருகிறேன். அரசாங்கத்தின் விளையாட்டு ஆணைய மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் தப்பிக்க, இது கேளிக்கைதான், போட்டி அல்ல என்று நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அன்று வெளியான ரகசியத்தை உங்கள் அப்பா இன்று கண்டுபிடித்ததைப் போலச் சொல்கிறார். கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் பார்க்க அவர் கோயிலுக்குப் போவார்தானே? சூரன் பிழைத்துவிடுவான் என்று எதிர்பார்த்தா போகிறார்? எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில் சூரனைத் தூக்கி ஆடும் இளைஞர்களில் என் மாமாவும் ஒருவராக இருந்தார். யானைத் தலை, சிங்கத் தலை என்று மாற்றி மாற்றி, வேர்வை சொட்ட அவர்கள் ஓடி வரும் வேகத்தில்தான் எதிரே நிற்கும் முருகனுக்கு மதிப்பு. சூரன் சோம்பி ஆடிய ஆண்டில் கூட்டம் பாதியிலேயே கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிளவுண்ட சூரன் பிறகு என்ன ஆகிறான்? ஒரு பாதி மயிலாகி முருகனைச் சுமக்கிறது. மறு பாதி சேவலாகிக் கொடியில் ஏறுகிறது. தோற்றவன் தன்னிடம் இருப்பதையெல்லாம் வென்றவனுக்குக் கொடுத்துவிடுகிறான். மல்யுத்தக்காரர்கள் தங்கள் தொழிலில் காலங்காலமாகச் செய்துவருவதும் இதுவே. விடைபெறும் மூத்தவர் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டுப் போவது அங்கே எழுதப்படாத மரபு.

ஆகையால் முடிவு எழுதப்பட்டதா என்பதும், வென்றவர் யார் என்பதும் எனக்குக் கேள்விகளே அல்ல. நான் கேட்பது வேறு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது, நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீட்டில், எங்கள் லயத்தில், ஓடிய ஒரு வீடியோ நாடா.

1998ஆம் ஆண்டின் தொடக்கம். எனக்குப் பதினைந்து வயது. அண்ணன் டவுனில் இருந்த வீடியோ கடையிலிருந்து, முந்தைய நவம்பரில் கனடாவின் மொண்ட்ரியலில் நடந்த சர்வைவர் சீரிஸ் என்ற மல்யுத்த நிகழ்ச்சியின் நாடாவை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். அம்மா கனடாக்காரர் பிரெட் ஹார்ட்டின் ரசிகை. ஆட்டத்துக்கு முன்பு அவர் தம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்வரிசையில் நிற்கும் ஒரு குழந்தைக்கு மாட்டிவிடுவார். அதற்காகவே அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். “இவன் சுத்தமான வேலைக்காரன். பிடிக்கிற பிடி ஒவ்வொண்ணும் உளி போடுற மாதிரி இருக்கு” என்பார். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் முந்நூறு, நானூறு ரப்பர் மரம் வெட்டிய உடம்பு அம்மாவுடையது. தொலைக்காட்சி பார்க்கும்போதும் கை சும்மா இருக்காது. முன்கையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை, தோல் உரிப்பதைப் போல நகத்தால் மெல்ல உரித்து, உருண்டையாக்கி, தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருப்பார்.

அந்த ஆட்டத்தின் பின்கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரெட்டோடு 1996இல் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்ட நிறுவனம், ஓராண்டுக்குள் அதைத் தாங்க முடியாது என்று சொல்லி, அவரைப் போட்டி நிறுவனத்துக்குப் போகவிட்டது. சாம்பியன் பெல்ட் அவர் இடுப்பில் இருந்தது. சொந்த நாட்டு மக்கள் முன்னால், தனக்குப் பிடிக்காத சக வீரர் ஷான் மைக்கேல்ஸிடம் மட்டும் தோற்க மாட்டேன், வேறு நாளில் வேறு விதமாக விட்டுத் தருகிறேன் என்றார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட முடிவு ஒன்று இருந்தது. ஆனால் 1997 நவம்பர் 9 அன்று, பிரெட்டுக்கே உரிய பிடியை ஷான் அவர் கால்களில் போட்டதும், மேடையருகே நின்ற வின்ஸ் மெக்மான் மணியை அடிக்கச் சொல்லிக் கத்தினார். மணி அடித்தது. பிரெட் கையைத் தட்டவே இல்லை.

அம்மாவின் கை நின்றுவிட்டது. நாடாவைப் பின்னால் ஓட்டச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தோக்கச் சொன்னா தோத்துட்டுப் போறான். தோத்தேன்னு அவன்தானே சொல்லணும்? இவன் மணியடிச்சா எப்படி?”

அம்மா அன்று டிவியைப் பார்த்து மட்டும் அதைச் சொல்லவில்லை என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் புரிந்தது. பால் நிறுக்கும் இடத்தில் நடப்பதை நான் பள்ளி விடுமுறைகளில் பார்த்திருக்கிறேன். காண்டாக் கம்பின் இரு பக்கமும் வாளி தொங்க, தோள் இறங்கி வரும் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். வாளியை எடை போட்ட பிறகு, மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மழை பெய்த மறுநாள் அளவு குறைவது இயற்கை. வெயில் காய்ந்த நாளிலும் அம்மாவுக்குக் குறையும். எங்கள் தோட்டத்தில் அன்று கணக்கு எழுதிய கிராணி, அந்தக் கருவியை அம்மா எட்டிப் பார்க்கும் முன்பே தூக்கி உதறிவிட்டு, எண்ணைப் புத்தகத்தில் எழுதிவிடுவார். “தண்ணி கலந்திருக்கே” என்ற சொல்லும் கூடவே வரும். அம்மா ஒருநாளும் தண்ணீர் கலந்தவர் இல்லை. பாலை அதற்குள் பெரிய தொட்டியில் ஊற்றியிருப்பார்கள். மற்றவர்களின் பாலோடு கலந்துவிட்ட பிறகு எதைக் காட்டி வாதாடுவது? குறைத்து எழுதிய எண் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை செய்தவளைக் கேட்காமல், அவள் கண்ணில் காட்டாமல் எழுதிவிட்டார்களே என்பதுதான் அம்மாவை இரவில் உறங்கவிடாமல் செய்தது.

தம்பி, தலைமை என்பதை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். யார் வெல்ல வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை கதை எழுதுபவருக்கு உண்டு. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் உடம்பை முறித்துக்கொள்பவரின் உழைப்பையும், வாரம் தவறாமல் உட்கார்ந்து நம்பிக்கை வைத்தவர்களின் உழைப்பையும் கண்முன்னே எடை போட்டு, சரியான பெயரில் எழுத வேண்டும். ரசிகனுடையது உழைப்பா என்று உங்கள் அப்பா கேட்பார். ஆம், உழைப்புதான். 2013, 2014இல், நிறுவனம் ஒதுக்கிவைத்த டேனியல் பிரையனுக்காக அரங்கம் அரங்கமாகக் கைகளை உயர்த்திக் கத்தியவர்கள், ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் பட்டிஸ்டாவின் வெற்றியை எதிர்த்துக் கூவியவர்கள், ரெசல்மேனியா 30இன் முடிவையே மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில், ரெசல்மேனியாவின் முதன்மை ஆட்டத்தில் கோடி ரோட்ஸின் இடத்தில் ராக்கைக் கொண்டுவந்து நிறுத்தியபோதும் அதுவே நடந்தது. ஏப்ரல் 7ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில், 1,316 நாட்கள் பெல்ட்டை வைத்திருந்த ரோமன் ரெய்ன்ஸைக் கோடி வென்றார். அவருடைய தந்தை டஸ்டி ரோட்ஸுக்கு அந்த நிறுவனத்தின் பெரிய பெல்ட் கடைசிவரை கிடைத்ததில்லை. அந்த முறை ரசிகர்களின் குரலைக் கேட்டுத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்ட தலைமையில் முதன்மையானவர், நீங்கள் திட்டும் அதே ட்ரிபிள் எச்தான்.

தோல்வியை வீணாக்குவது எப்படியிருக்கும் என்று அறிய விரும்பினால், நீங்கள் தேவலாம் என்று எழுதிய மனிதரின் காலத்துக்குப் போய் 2019ஐப் பாருங்கள். பதினோரு ஆண்டுகள் நடுவரிசையில் காத்திருந்த கோஃபி கிங்ஸ்டன், ரெசல்மேனியா 35இல் சாம்பியன் ஆனார். அன்று அழாதவர்கள் குறைவு. அக்டோபர் 4ஆம் தேதி, புதிய தொலைக்காட்சி நிறுவனத்தில் நிகழ்ச்சி தொடங்கிய முதல் இரவில், பிராக் லெஸ்னர் அவரைச் சில நொடிகளில் முடித்துவிட்டார். கோஃபிக்குப் பழிதீர்க்கும் கதை தரவில்லை. ஏன் தோற்றோம் என்று பேசக்கூட ஒழுங்கான இடம் தரவில்லை. மறுவாரம் அவர் பழைய வரிசைக்குத் திரும்பினார். அவர் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, புத்தகத்தில் எதுவும் எழுதாமல் மூடிவிட்டார்கள். அதே லெஸ்னர் 2014இல், ரெசல்மேனியாவில் அண்டர்டேக்கர் தொடர்ந்து பெற்றிருந்த 21 வெற்றிகளின் தொடரை முறித்தபோது நான் வெறுத்தேன். ஆனால் அந்தத் தோல்வியை வீசி எறியவில்லை. நான்கு மாதத்தில் லெஸ்னர் சம்மர்ஸ்லாமில் சீனாவையே மாவாகப் பிசைந்தபோது, அண்டர்டேக்கர் கொடுத்துவிட்டுப் போனது அவர் தோளில் இருந்தது.

சீனாவின் கடைசி ஆட்டத்தை இந்த நிறுவையில் வைத்துப் பாருங்கள். அவரை வென்றவர் குந்தர்: 666 நாட்கள் இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை வைத்திருந்தவர், மேடையில் ஓர் அடியையும் சோம்பலாக அடிக்காதவர். கழுத்துப் பிடியிலிருந்து சீனா மீண்டும் மீண்டும் எழ முயன்றார். கடைசியில் ஒரு புன்னகை. பிறகு தன் கையால் தானே தட்டினார். நீங்கள் அந்தப் புன்னகையைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. கோபத்தில் பார்க்கத் தவறிவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். விட்டுக்கொடுக்காதே என்று ஆண்டுக்கணக்கில் குழந்தைகளுக்குச் சொன்னவர், எப்போது விட வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்து, அதையும் குழந்தைகளின் கண்முன் செய்தார். மொண்ட்ரியலில் பறித்தார்கள், இங்கே அவரே கொடுத்தார். மொண்ட்ரியல் திட்டத்தை முன்னரே அறிந்திருந்த சிலரில் ட்ரிபிள் எச்சும் ஒருவர். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அதனாலேயே, அவர் செய்யாத குற்றத்தை அவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அரங்கம் ட்ரிபிள் எச்சை எதிர்த்துக் கூவியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்; பிரியமானவரை வழியனுப்பும் வேளையில் மனிதர்கள் யாரையாவது திட்டத்தான் செய்வார்கள். நீங்களும் அன்று கூவியதில் பிழையில்லை. ஆனால் வாரங்கள் கடந்த பிறகும் அதே கூச்சலில் நிற்காதீர்கள். பார்ப்பதா விடுவதா என்று என்னைக் கேட்காதீர்கள்; அது உங்கள் ஞாயிற்றுக்கிழமை.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. நாங்கள் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஊரின் பெயரும் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. அம்மா இன்னும் உங்களைப் போலவே பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறார். கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் அன்று காலை அவருக்குத் திரை தெளிவாகத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கையைத் தட்டினானா?” என்று கேட்டார். தட்டினார் என்றேன். “நீ பாத்தியா?” பார்த்தேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஜெயித்த பையன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டார். ஆஸ்திரியா என்றேன். அவனுக்கு அடுத்த வாரம் என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிய வரும்போது எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா