ஆன்மா என்று ஒன்று இருக்கிறதா?

மனிதனுக்குள் ஆன்மா உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உடலை விட்டுப் பிரிந்து போகும் தனிப் பொருள் என்ற அர்த்தத்தில் கேட்டால், அதற்குச் சான்று இதுவரை கிடைக்கவில்லை.

தேடாமல் இல்லை. டங்கன் மெக்டூகல் என்ற அமெரிக்க மருத்துவர், சாகும் தறுவாயில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு தராசில் ஏற்றி எடை பார்த்து, 1907-இல் முடிவை வெளியிட்டார். ஆன்மா பிரியும்போது 21 கிராம் குறையும் என்று இன்றும் சொல்கிறார்களே, அது முதல் நோயாளியின் கணக்கு மட்டும். மற்றவர்களிடம் ஒத்துவரவில்லை.

என்னை அதிகம் உலுக்குவது ஃபினியஸ் கேஜ் என்ற அமெரிக்க ரயில்பாதைத் தொழிலாளியின் கதை. 1848-இல், ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் புகுந்து மண்டை வழியே வெளியேறியது. பிழைத்துக்கொண்டார், நடந்தார், பேசினார். ஆனால் இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள் நண்பர்கள். மூளை சிதைந்தால் குணமே மாறும் என்றால், மாறாத ‘நான்’ எங்கே இருக்கிறது?

சரி, அப்படியானால் ஆன்மா வெறும் சொல்லா? நான் அப்படி நினைக்கவில்லை. சற்றுமுன் இறந்தவரின் கையைப் பிடித்துப் பாருங்கள். அதே விரல், அதே தழும்பு, சூடுகூட மிச்சமிருக்கும். ஆனால் அந்தக் கை திரும்பப் பிடிக்காது. போய்விட்ட அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் ஆன்மா என்று பேர் வைத்தார்கள் என்று நினைக்கிறேன். மூளைக்குள் அது எப்படி உண்டாகிறது என்பதை இன்னும் யாரும் முழுதாக விளக்கிவிடவில்லை.