‘ரெப்ரெசிவ்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? அதன் லத்தீன் மூலம் எது?

அடக்குமுறையாக என்பதுதான் பொருள். எதிர்ப்போ ஆசையோ தலைதூக்கும்போதே அதை அமுக்கிவிடும் விதத்தில் ஒரு அரசோ, நிர்வாகமோ, வீட்டுப் பெரியவரோ நடந்துகொண்டால் இந்த வினையடையைப் போடலாம்.

லத்தீனில் ‘பிரெமெரே’ என்றால் அழுத்து. முன்னால் ‘ரெ’ சேர்ந்து ‘ரெப்ரிமெரே’ ஆகும்போது, கிளம்பி வருவதைத் திருப்பி அழுத்துவது, தடுத்து நிறுத்துவது. கண்டிப்பதைக் குறிக்கும் ‘ரெப்ரிமாண்ட்’டும் இதன் பிள்ளைதான். கடைசியில் இருக்கும் ‘லி’ மட்டும் லத்தீன் கிடையாது, பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து.

குழப்பம் வருவதெல்லாம் பங்காளிச் சொற்களால்தான். திருவல்லிக்கேணியில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். கத்திரி வெயிலைப் பற்றி ஒரு மாணவி ‘ரெப்ரெசிவ்லி ஹாட்’ என்று எழுதியிருந்தார். அங்கே ‘ஒப்ரெசிவ்லி ஹாட்’ என்றுதான் வர வேண்டும். கடல்காற்று வராத மதியத்தில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, புழுக்கம் நம்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது இல்லையா, அது ஒப்ரெசிவ். ரெப்ரெசிவ் என்று சொல்ல, எழும்பப் பார்க்கும் ஒன்று எதிரே இருந்தாக வேண்டும். வெயில் எதை எழும்பவிடாமல் தடுக்கிறது?

இன்னொரு பங்காளி, அடக்கிவைப்பதைக் குறிக்கும் ‘சப்ரெஸ்’. அதில் உள்ள முன்னொட்டுக்குக் ‘கீழே’ என்று பொருள். இருமல், செய்தி, ஆதாரம் எல்லாவற்றுக்கும் அது வரும். உளவியலில், தெரிந்தே ஒதுக்கிவைத்தால் சப்ரெஷன். மனம் தன்னை அறியாமல் புதைத்துவிட்டால் ரெப்ரெஷன்.

அச்சகத்தைக் குறிக்கும் ‘பிரஸ்’ஸும் இதே வேரில் வந்ததுதான். அந்த அச்சுத் தொழிலிலேயே நம் ஊருக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1908ல், பாரதி எழுதிவந்த ‘இந்தியா’ பத்திரிகைக்குப் பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தவரை ராஜத்துரோக வழக்கில் கைது செய்தார்கள். பாரதி புதுச்சேரிக்குப் போக, பத்திரிகையும் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வரக்கூடாது என்று தடை போட்டார்கள். 1910 பத்திரிகைச் சட்டமோ அச்சகத்தாரிடம் ஜாமீன் தொகை கட்டச் சொல்லி, அரசுக்குப் பிடிக்காததை அச்சிட்டால் அந்தத் தொகையைப் பறிமுதல் செய்ய வழிவைத்தது. எழும்பும் குரலைத் திருப்பி அழுத்துவது என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று: ‘லி’ சேர்ந்த வடிவம் எழுத்தில் அபூர்வம். ‘ரெப்ரெசிவ் சட்டம்’, ‘ரெப்ரெசிவ் ஆட்சி’ என்று பெயரடையாகவே பழகிக்கொள்ளுங்கள்.