பால் பைத்தானுக்கு (Ball python, வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) செடி வைத்த பெட்டி: கேள்வி பதில்

அண்ணா, 4 அடிக்கு 2 அடி கண்ணாடிப் பெட்டி வாங்கிட்டேன். எதுக்கு மேல எது, எவ்வளவு போடணும்?

அடியில் சுட்ட களிமண் உருண்டை 5 செ.மீ., மேலே நைலான் கொசுவலை, அதற்கு மேல் மண் 10 செ.மீ. உங்கள் பெட்டிக்கு உருண்டை 36 லிட்டர், மண் 72 லிட்டர் பிடிக்கும். சலித்த செம்மண் 2 பங்கு, கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 1 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு. கோகோபீட்டில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்து மூன்று முறை அலசிப் பிழியுங்கள். கலவையை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம்.

மண் கொட்டும் முன்பே ஒரு மூலையில் ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாயை உருண்டை வரை நிறுத்திவிடுங்கள். பிறகு தேங்கின தண்ணீரை உறிஞ்சி எடுக்க வேறு வழி கிடையாது. எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும், மேசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்சரி மண் வாங்கிப் போட்டா வேலை மிச்சம்தானே சார்?

அதில் பெரும்பாலும் வேப்பம் புண்ணாக்கு கலந்திருப்பார்கள். செடிக்கு நல்லது. ஆனால் கழிவைத் தின்று மண்ணைச் சுத்தமாக வைக்க நாம் விடும் ஐசோபாடு, ஸ்பிரிங்டெயில் என்ற சின்னஞ்சிறு உயிர்களுக்கு அது ஆகாது. சருகு போடும்போதும் வேப்பிலை வேண்டாம். மருந்து அடிக்காத மரத்தின் நாட்டு வாதுமை, மா, பலா இலைகளைக் காயவைத்து இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள்.

ஹீட்டிங் பேட் (சூடாக்குற தகடு) வாங்கி அடியில ஒட்டலாமா?

கூடாது. 15 செ.மீ. தாண்டிச் சூடு மேலே வராது. சூடு தாங்காமல் பாம்பு மண்ணைத் தோண்டினால் வயிறு சுட்டுவிடும். செராமிக் ஹீட்டரை மேலிருந்து, கம்பிக்கூண்டுக்குள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. சென்னை மே மாதத்தில் ஹீட்டரே வேண்டாம், அறையைக் குளிர வைப்பதுதான் பாடு.

செடி வச்சா ஒரே ராத்திரியில நசுக்கிடுது.

ஒன்றரைக் கிலோ உடம்பு ஏறினால் எந்தச் செடி தாங்கும்? மருள் (ஸ்நேக் பிளாண்ட்), மணி பிளாண்ட் மாதிரி முரட்டுச் செடிகள்தான் பிழைக்கும். தொட்டியோடு புதைத்து, விளிம்பில் கல் வையுங்கள். செடி வேர் பிடிக்க 6 வாரம் விட்டு அப்புறம் பாம்பை விடுங்கள். அதற்குள் மரக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சை வரும். துடைக்க வேண்டாம், ஸ்பிரிங்டெயில் தின்றுவிடும்.

ஈரப்பதம் 75 காட்டுது, ஆனா வயித்துச் செதில் பழுப்பாகுது. ஏன்?

நீங்கள் தினமும் மேலே ஸ்பிரே அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். காற்றில் 75 இருப்பதில் தப்பில்லை. பாம்பு படுக்கும் மேல்மண் நனைந்திருப்பதுதான் தப்பு. ஸ்பிரேயை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை ஒரு லிட்டரை நான்கு மூலையிலும் பிரித்து ஊற்றுங்கள். அடிமண் ஈரம், மேலே சருகு காய்ந்தபடி. செதில் கொப்பளித்தாலோ மெத்தென்றாலோ பாம்பை டிஷ்யூ விரித்த டப்பாவுக்கு மாற்றி, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐசோபாடு பாம்பு உண்ணியைத் தின்னுமா?

தின்னாது. மண்ணில் உண்ணி புகுந்தால் மொத்தத்தையும் அள்ளிக் கொட்டணும், மருந்தடித்தால் ஐசோபாடும் சாகும். அதனால்தான் புதுப் பாம்பை 90 நாள் வெறும் டிஷ்யூவில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். மலத்தையும் ஐசோபாடுக்கு விட்டுவைக்காதீர்கள். பால் பைத்தான் போடும் அளவுக்கு அவை ஈடுகொடுக்காது. அடிமண்ணோடு அள்ளிவிடுங்கள்.

இதே மாதிரி பெட்டியில சாரை வளர்க்கலாமா?

1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மண்ணுளிப் பாம்பும் அப்படித்தான். பால் பைத்தானையே மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்கணும்.

ரெண்டு மாசத்துல அழுகின முட்டை நாத்தம்.

அடியில் தண்ணீர் ஏறி மண்ணைத் தொட்டுவிட்டது, காற்றில்லாமல் அழுகுகிறது. அந்தப் பிவிசி குழாயில் மீன்தொட்டி டியூபை விட்டு உறிஞ்சி எடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் விட்டும் நாற்றம் போகவில்லை என்றால், கறுத்த மண்ணை மட்டும் தோண்டி மாற்றுங்கள்.