வாசகர் கேள்வி பதில்: மரண தண்டனையும் எமலோகக் கணக்கும்

கேள்வி: எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) அடுத்த காம்பராவில் இருப்பவருக்குக் கொலை வழக்கொன்றில் மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்துவிட்டது. செய்தி வந்த அன்றே அவருடைய மனைவி தாலியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டார். உண்மையிலேயே தூக்கில் போட்டுவிடுவார்களா? பரோலில் எடுத்துத் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: முதலில் அந்தச் சகோதரியிடம் போய், தாலியை மீண்டும் அணிந்துகொள்ளச் சொல்லுங்கள். இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 யூன் 23 அன்று. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு கொலைக்கு மரண தண்டனையையே விதித்திருப்பதால், குற்றம் நிரூபணமானதும் நீதிபதி அதைத்தான் வாசித்தாக வேண்டும். ஆனால் 1976க்குப் பின் எந்த மரண தண்டனையும் நிறைவேற்றப்படவில்லை, பலருக்கு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டும் இருக்கிறது.

அவசரமானது மேன்முறையீடு. தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மனு கொடுக்கப்பட வேண்டும். சிறையில் இருப்பவர் அதைச் சிறைச்சாலை அதிகாரி மூலமாகவே அனுப்பலாம். இதழ் வெளிவரும்வரை காத்திராமல் இந்த ஒரு விடயத்தை வாசகிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அது இயங்குவதே வசதியற்றவர்களுக்காகத்தான்.

வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிங்களத்தில் நடக்கும் விசாரணையில் சாட்சி என்ன சொன்னார் என்பது புரியாமலே கூண்டில் நின்றதாக நம் ஆட்கள் சொல்லக் கேட்கும்போது மனம் கொதிக்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி, நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே வழங்க வேண்டும். அது சலுகையன்று, உரிமை. அவருடைய விசாரணையில் அது கிடைத்ததா என்பதைக் கேட்டறியுங்கள்.

பணம் கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நன்னடத்தைக்காகத் தண்டனைக் காலத்தில் கழிவு, நிபந்தனைகளோடு கூடிய அனுமதிப்பத்திரத்தின் பேரில் விடுதலை ஆகிய வழிகள் நம் நாட்டில் இருந்தாலும், அவை சிறைச்சாலை நிர்வாகத்தின் வழியாகவே வருபவை. தரகர் வாங்கித் தருபவையல்ல. சனாதிபதியின் மன்னிப்பும் அப்படித்தான்: மரண தண்டனைக் கைதியொருவருக்கு மன்னிப்பு வழங்குமுன் விசாரித்த நீதிபதியின் அறிக்கையும் சட்டமா அதிபரின் ஆலோசனையும் நீதி அமைச்சரின் சிபாரிசும் பெறப்பட வேண்டும் என்று 34ஆம் உறுப்புரை கூறுகிறது. 2005ஆம் ஆண்டின் ராயல் பார்க் கொலை வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு 2019இல் வழங்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாதென்று தீர்ப்பளித்தது. செல்வாக்கால் கிடைக்கும் விடுதலை நிலைக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

கேள்வி: எமலோகத்தில் பரோல் உண்டா? சித்திரகுப்தன் ஒருமுறை எழுதினால் எழுதியதுதான் என்கிறார் எங்கள் தாத்தா. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை செக்ரோலில் (வேலைப் பதிவேட்டில்) போட்ட அரைப் பேரையே (அரை நாள் சம்பளத்தையே) சண்டை பிடித்து முழுப் பேராக்கியிருக்கிறோம், அங்கே முடியாதா என்கிறேன் நான்.
– ஒரு வாசகர், பசறை

பதில்: முடியும் என்பதற்கு மகாபாரதமே சாட்சி. செய்யாத திருட்டுக்காகக் கழுவேற்றப்பட்ட மாண்டவ்ய முனிவர் எமனிடமே சென்று, தாம் செய்த பாவம் என்ன என்று கேட்டார். சிறுவயதில் பூச்சியின் வாலில் புல்லைச் செருகினாய், அதற்கான பலன் இது என்றான் எமன். அறியாப் பிள்ளையின் சிறு குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கொதித்த முனிவர், எமனை மண்ணில் பிறக்கும்படி சபித்ததோடு, 14 வயதுவரை செய்வது பாவமாகாதென்றும் வரையறுத்தார். தருமராசன் என்றும் அழைக்கப்படும் எமன் ஒரு பணிப்பெண்ணின் மகனாக, விதுரனாகப் பிறந்து அதை அனுபவித்தான். இலங்கையிலோ 8 வயதுப் பிள்ளையையும் குற்றவாளியாக்கக்கூடிய விதி 2018இல்தான் திருத்தப்பட்டு, அந்த வயது 12 ஆக உயர்த்தப்பட்டது.

கும்பீபாகம் என்ற நரகத்து எண்ணெய்க் கொப்பரையைச் சொல்லித் தாத்தா பயமுறுத்தினால், அந்த நரகங்களும் முடிவற்றவையல்ல, வினை தீர்ந்ததும் உயிர் மறுபடி பிறக்கும் என்றே நம் புராணங்கள் கூறுவதை எடுத்துச் சொல்லுங்கள். மாசி மாதத்தில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், சிவனால் எரிக்கப்பட்ட மன்மதனைக்கூட, ரதி அழுது மன்றாடியபின் சிவன் எழுப்பித் தருகிறார். அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான் என்ற நிபந்தனையும் போடுகிறார். நீங்கள் கேட்ட பரோலுக்கு இதைவிட நெருங்கிய ஒன்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் தம்பி சிறைக்குப் போக வேண்டிய நிலை. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், நாவலப்பிட்டி

பதில்: உண்டு. தவணை முறையில் செலுத்த அனுமதிக்கும்படி நீதவானிடம் கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, பாரதூரமற்ற குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளையிட்டு, சம்பளமின்றிப் பொதுவேலை செய்ய வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு. நீதிமன்றம் தானாகவே நினைவுகூரும் என்று காத்திராமல், அடுத்த வழக்கு நாளன்று வழக்கறிஞர் வாயிலாகக் கேட்கச் சொல்லுங்கள்.