மேஜிக் கிங்டம், எப்காட் ஒரே நாளில்: காரை எங்கே விடுவது?

வயதான அம்மா, கைக்குழந்தையோடு காலையில் மேஜிக் கிங்டம், சாயங்காலம் எப்காட்; இரண்டுமே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்கள். பார்க்கிங் கட்டணம் இரண்டு தடவையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஒருமுறை கட்டினால் அன்று முழுக்க வால்ட் டிஸ்னி வேர்ல்டின் 4 பூங்காக்களுக்கும் செல்லும், ரசீதைத் தொலைக்காதீர்கள். டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்குச் சாதாரண பார்க்கிங் இலவசம்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில்தான். மேஜிக் கிங்டம் வாசலில் பார்க்கிங் கிடையாது. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிக்கெட் சென்டரில் நிறுத்தி, பை சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ போக வேண்டும். வாசல் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பார்க்கிங்கில் இருங்கள். பார்க்கிங்கிலிருந்து டிக்கெட் சென்டருக்குக் கூட்டிப்போகும் டிராமில் ஏற ஸ்ட்ரோலரை (குழந்தைத் தள்ளுவண்டியை) மடிக்கச் சொல்வார்கள். குழந்தையை முதலில் யாராவது தூக்கிக்கொள்ளட்டும். அம்மாவுக்கு நடப்பது சிரமம் என்றால் கூடுதலாகக் கட்டி, டிக்கெட் சென்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ப்ரிஃபர்டு பார்க்கிங் எடுங்கள், அந்தச் செலவு தண்டமில்லை.

இறங்கியதும் பகுதிப் பெயர், வரிசை எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். 'சிம்பா' என்று பகுதிப் பெயர் மட்டும் நினைவிருந்தால் இரவில் வரிசை வரிசையாக அலைய வேண்டும்.

எப்காட்டுக்குக் காரை எடுக்கவே தேவையில்லை. டிக்கெட் சென்டரிலிருந்தே நேரடி மோனோரயில் உண்டு. ஆனால் வாணவேடிக்கை முடிந்ததும் திரும்பும் வரிசை நீளும். அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாதென்றால் மதியமே காரை எப்காட் பார்க்கிங்குக்கு மாற்றிவிடுங்கள். அங்கே வாசலுக்கு எதிரிலேயே பார்க்கிங்.